விரல்களுக்கு ஓர் ஓவியம்: தொட்டு உணரும் படங்களைத் தயாரிக்க ஒரு தொடக்க வழிகாட்டி

ஜார்ஜ்டவுன் ஆர்மேனியன் தெருவில், சைக்கிளில் செல்லும் இரு குழந்தைகளின் சுவரோவியத்தை அறியாத பினாங்குவாசி அரிது. எர்னஸ்ட் சக்கரேவிச் 2012-ஆம் ஆண்டு தீட்டிய அந்த ஓவியத்தில் சைக்கிள் மட்டும் நிஜமானது. சுவரோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருக்கிறது. பார்வையற்ற ஒருவர் அங்கே நின்று கையை நீட்டினால் கைப்பிடியும் சக்கரமும் அவருக்குக் கிடைத்துவிடும். விரல் சற்று மேலே நகர்ந்தால் வெறும் காரைச் சுவர்தான். முன்னால் அமர்ந்திருக்கும் அக்காவும், அவளைப் பிடித்துக்கொண்டு பின்னால் இருக்கும் சின்னப் பையனும், அதாவது யாருக்காக மக்கள் காத்திருந்து படம் எடுத்துக்கொள்கிறார்களோ அந்தப் பிள்ளைகள், அவர் கைக்கு எட்டுவதே இல்லை.

அவர்களைக் கைக்கு எட்டச் செய்வது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். தமிழ்ப்பள்ளி ஓவிய ஆசிரியர்கள், கோவில் இளைஞர் குழுவினர், பார்வையிழந்த தாத்தா பாட்டி உள்ள வீட்டினர் என யார் வேண்டுமானாலும் இதைத் தொடங்கலாம். முதல் படத்துக்குத் தேவையானவை எழுதுபொருள் கடையிலும் தையல் பெட்டியிலும் கிடைத்துவிடும். தேவைப்படும் பொறுமைதான் அதிகம்.

விரல் எப்படிப் படிக்கிறது

கண் முதலில் முழுப் படத்தையும் பிடித்துக்கொண்டு, பிறகு நுணுக்கங்களுக்குள் போகிறது. விரலுக்கு முதலில் கிடைப்பது ஒரு துண்டு, அடுத்து இன்னொரு துண்டு. அவற்றைக் கோத்து முழுமையை உருவாக்கும் வேலை மனத்தில் நடக்கிறது. விரல் நுனி சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைத்தான் தனித்தனியாக அறியும். அதைவிட நெருங்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகவே ஒரு புகைப்படத்தின் எல்லாக் கோடுகளையும் அப்படியே மேடாக்கினால், கண்ணுக்கு அழகாக இருக்கும் அந்தத் தாள் விரலுக்குச் சிக்கலான நூற்கண்டாகவே படும். புதியவர்கள் செய்யும் வேலைகளில் மிகப் பெரும்பாலானவை இங்கேதான் தடுக்கி விழுகின்றன.

உலகின் சில அருங்காட்சியகங்கள் இந்தத் துறையில் நெடுந்தூரம் போயிருக்கின்றன. இத்தாலியின் அங்கோனா நகரில் 1993-இல் தொடங்கப்பட்ட ஒமேரோ அருங்காட்சியகத்தில் சிற்பங்களைத் தொட்டுப் பார்ப்பதுதான் வழக்கம். அதே நாட்டின் போலோஞ்ஞா நகரில் உள்ள ஆன்டெரோஸ் அருங்காட்சியகம் புகழ்பெற்ற ஓவியங்களைப் புடைப்புச் சிற்பங்களாக வடித்து வைத்திருக்கிறது. மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகம் 2015-இல் ஆறு ஓவியங்களின் புடைப்புப் பிரதிகளைப் பார்வையாளர்களின் கைக்குக் கொடுத்தது. அவற்றைப் பற்றிப் படிப்பது ஊக்கம் தரும். ஆனால் அத்தகைய பிரதிகளுக்கு நிறையப் பணமும் தேர்ந்த சிற்பிகளும் வேண்டும். தொடங்குபவருக்குக் கோடுகளும் நான்கைந்து சொரசொரப்புகளும் கொண்ட எளிய தொடுபடமே சரியான இடம் என்பது என் உறுதியான கருத்து.

யாருக்காகச் செய்கிறீர்கள்

படத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் மனிதரைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறவியிலேயே பார்வையற்றவருக்கு விரல் படிப்பு சிறுவயதிலிருந்தே பழகியிருக்கும். அதே வேளையில், தொலைவில் உள்ளது சிறிதாகத் தெரியும், முன்னால் நிற்பவர் பின்னால் நிற்பவரை மறைப்பார் என்பன போன்ற கண்ணின் வழக்கங்களை அவருக்கு வாய்ச்சொல்லால் விளக்க வேண்டியிருக்கும். அவருக்கு அவை புரியவே புரியா என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 1953-இல் துருக்கியில் பார்வையின்றிப் பிறந்த எஷ்ரெஃப் அர்மாகான், தொலைவுக்கேற்பக் கோடுகள் குறுகும் ஓவியங்களைத் தம் கையாலேயே வரைகிறார்.

நம் சமூகத்தில் நீங்கள் அதிகம் சந்திக்கப்போவது வேறு வகையினரை: நீரிழிவு நோயால் ஐம்பது, அறுபது வயதுக்கு மேல் பார்வையை இழந்தவர்கள். இவர்களுக்கு நிறங்களும் உருவங்களும் நினைவில் இருக்கும். ஆகவே பத்துமலை முருகன் சிலையின் தங்க நிறத்தைச் சொன்னால் உடனே மனத்தில் எழும். ஆனால் பெரும்பாலோர் பிரெய்ல் கற்றிருக்க மாட்டார்கள். அதே நீரிழிவு விரல் நுனியின் உணர்வையும் மங்கச் செய்திருக்கலாம். இவர்களுக்குக் கோடுகள் தடிமனாகவும், இடைவெளிகள் அகலமாகவும், சொரசொரப்புகளுக்கு இடையே வேறுபாடு பெரிதாகவும் இருக்க வேண்டும். விளக்கம் குரல் வழியாகப் போக வேண்டும். ஓரளவு பார்வை எஞ்சியிருப்பவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காகக் கறுப்பின் மேல் மஞ்சள், வெள்ளையின் மேல் கறுப்பு என்று நிற வேறுபாட்டை அழுத்தமாக வையுங்கள்.

படத்தைத் தேர்ந்தெடுத்தல்

முதல் பயிற்சிக்குப் புள்ளிக் கோலத்தைவிடப் பொருத்தமான ஒன்றை நான் அறியேன். அதில் ஒளிநிழல் இல்லை, தொலைவு இல்லை. எல்லாமே கோடும் புள்ளியும்தான். அட்டையில் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் ஜவ்வரிசியை ஒட்டிப் புள்ளிகள் வையுங்கள். இழைக்குத் தடித்த பருத்தி நூலைப் பசையில் தோய்த்து ஒட்டுங்கள். இழைகள் ஒன்றையொன்று கடக்கும் சிக்குக் கோலத்தில் ஒரு சிக்கல் எழும்: சந்திப்பில் விரல் எந்த நூலைத் தொடர்வது என்று தெரியாமல் திசை மாறிவிடும். அடியில் போகும் நூலைச் சந்திப்புக்கு இரு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெட்டிவிட்டால் மேலே போகும் நூல் தெளிவாகத் தொடரும். வெட்டுப்பட்ட நூலை விரல் தாண்டிப் பிடித்துக்கொள்ளும். இந்த ஒரு தந்திரம் பிற்பாடு எல்லாப் படங்களிலும் கைகொடுக்கும்.

அடுத்த கட்டத்தில், ஓரிரு உருவங்களும் தெளிவான செயலும் உள்ள படத்தை எடுங்கள். கூட்டமான சந்தைக் காட்சி, பனிமூட்டமான மலைக்காட்சி ஆகியவற்றைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுப் பூஜை அறையில் தஞ்சாவூர் ஓவியம் இருக்குமானால் அதைக் கவனியுங்கள்: சுண்ணப்பொடியும் பசையும் குழைத்த கலவையால் நகைகளையும் தூண்களையும் மேடாக்கி, அதன்மேல் தங்கத் தகடு ஒட்டும் அந்த மரபு, நமக்குத் தேவையான கைப்பழக்கத்தை ஏற்கெனவே கொண்டிருக்கிறது. அசல் ஓவியத்தைத் தொடக் கொடுக்காதீர்கள், தகடு தேய்ந்துவிடும். அதே கலவையில் ஒரு பிரதி செய்யுங்கள். துணியில் மெழுகால் கோடிட்டுச் சாயம் ஏற்றும் பாத்திக் ஓவியமும் நல்ல தேர்வு. பினாங்கில் வாழ்ந்த ச்சுவா தியென் தெங் பாத்திக் முறையை ஓவியக் கலையாக வளர்த்தவர்களில் முன்னோடி. அவர் பாணியில் உருவங்களைச் சுற்றி ஓடும் உறுதியான வெளிக்கோடு விரலுக்கு ஏற்றது. பாத்திக் தயாரிப்பில் சாயம் ஏற்றும் முன் துணிமேல் படிந்திருக்கும் மெழுகுக் கோட்டைத் தொட்டுப் பார்க்க முடியும்; அச்சுப் பதிக்கும் செப்புக் கட்டையோ முழுவதுமே புடைப்பு உருவம்தான். இவற்றைத் தொடுபடத்தின் பக்கத்தில் வைத்தால், அந்தக் கோடு எப்படிப் பிறந்தது என்பதையும் கை அறிந்துகொள்ளும்.

வாழும் ஓவியரின் படைப்பாக இருந்தால் அவரிடம் அனுமதி கேளுங்கள். கலைக்கூடத்தை அணுகும்போது, 2008-ஆம் ஆண்டின் மலேசிய மாற்றுத்திறனாளிகள் சட்டம் பண்பாட்டு வாழ்வில் பங்குபெறும் உரிமையை ஏற்றிருப்பதைப் பணிவோடு நினைவூட்டலாம். 1958-இல் நிறுவப்பட்ட நம் தேசியக் கலைக்கூடம் எல்லாக் குடிமக்களுக்கும் உரியது.

முதலில் சொல், பிறகு கோடு

பென்சிலைத் தொடும் முன் படத்தை வாக்கியங்களாக எழுதுங்கள். ஆர்மேனியன் தெரு ஓவியத்துக்கு இப்படி எழுதலாம்: ‘பழைய சுவர். அதன் முன் ஒரு சைக்கிள். ஒரு சிறுமி கைப்பிடியைப் பிடித்திருக்கிறாள். அவள் பின்னால் அவளைவிடச் சிறிய பையன். அவன் அவளைப் பற்றியிருக்கிறான்.’ இந்த வாக்கியங்களில் இடம்பெறாத எதுவும் முதல் தாளில் இடம்பெற வேண்டியதில்லை. சுவரின் விரிசல்கள், பெயர்ந்த காரை, நிழல்கள் ஆகியவை சொல்லில் வரட்டும்.

இனி வரைதல். தாளின் அளவு ஏ3 இருக்கட்டும். இரு கைகளும் விரிந்து படிக்க அதற்குக் குறைவான இடம் போதாது, அதைவிடப் பெரியதானால் கை ஓரத்தைத் தேடி அலையும். வலது மேல் மூலையைச் சாய்வாக வெட்டிவிடுங்கள். தாள் எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்கிறது என்பதை அந்த வெட்டு உடனே சொல்லிவிடும். கோடுகளுக்கு இடையே குறைந்தது 3 மில்லிமீட்டர் விடுங்கள். சைக்கிள் சக்கரத்துக்கு வட்டம் போதும். எல்லாக் கம்பிகளையும் வரைந்தால் அது உருவம் தெரியாத சொரசொரப்பு வட்டமாகிவிடும், ஆகவே நான்கு கம்பிகள் மட்டும் வையுங்கள். சிறுமியையும் பையனையும் ஒன்றோடொன்று ஒட்டி வரையாமல், அவர்களுக்கு இடையே ஒரு மெல்லிய வெற்றிடம் விடுங்கள். அந்த வெற்றிடத்தைக் கடந்து அவள் உடலைத் தொடும் பையனின் கை மட்டும் எல்லாவற்றையும்விட உயரமாக எழட்டும், ஏனெனில் இந்தப் படத்தின் உயிர் அந்தப் பிடியில்தான் இருக்கிறது. படிப்பவரின் விரல் அங்கே ஒரு நொடி நின்றுவிட்டால் உங்கள் வேலை பலித்தது.

முகங்களை இதே தாளில் வரைய முயலாதீர்கள். இந்த அளவில் ஒரு முகம் நான்கு சென்டிமீட்டர்கூட வராது. கண், மூக்கு, வாய் மூன்றும் ஒரு புள்ளிக் குவியலாகிவிடும். தலைக்கு ஒரு வெளிக்கோடும் முடிக்கு ஒரு நூல் திரளும் போதும். முகபாவத்தைக் காட்ட விரும்பினால் ஒரே ஒரு முகத்தை 15 சென்டிமீட்டர் உயரத்தில் இன்னொரு தாளில் செய்யுங்கள். ஒரு படத்துக்கு இரண்டு மூன்று தாள்கள் வருவதில் தவறே இல்லை.

பொருளும் கருவியும்

கையால் செய்யும் ஒட்டுப்படமே மலிவானது, திருத்துவதற்கும் எளிது. நுரைத் தாள், நெளி அட்டை, வெல்வெட் துணி, மெல்லிய உப்புத்தாள், பருத்தி நூல் ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் என்று வைத்துக்கொண்டு கடைசிவரை மாற்றாதீர்கள்: சிறுமியின் சட்டைக்கு வெல்வெட் என்றால் வேறு எங்கும் வெல்வெட் வரக் கூடாது. முரட்டு உப்புத்தாளைத் தவிர்த்துவிடுங்கள். சில நிமிடங்களிலேயே விரல் நுனி மரத்துப்போய் மற்ற எதையும் படிக்க முடியாமல் ஆகிவிடும். மேடான கோடு போடுவதற்கு மருதாணிக் கூம்பு அருமையான கருவி, கோன் போட்டுப் பழகிய கை சீரான கோட்டை எளிதில் இழுத்துவிடும். கூம்புக்குள் வெறும் வெள்ளைப் பசையை நிரப்பினால் காய்ந்ததும் கோடு சுருங்கித் தட்டையாகிவிடும். பசையோடு முகப் பவுடரையோ சுண்ணப்பொடியையோ கெட்டியாகக் குழைத்து நிரப்புங்கள். அரிசி மாவுப் பசை வேண்டாம், நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கும்.

பல பிரதிகள் தேவையென்றால் வீங்குதாள் இருக்கிறது. நுண்ணிய வெப்பக் குமிழிகள் பூசப்பட்ட அந்தத் தாளில் கறுப்பு மையால் அச்சிட்டு, அதற்கான சூடேற்றும் இயந்திரத்தில் செலுத்தினால், கறுப்பு மட்டும் வெப்பத்தை ஈர்த்து மேலெழும். நேர்த்தியான முறை. ஆனால் கோடுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே உயரத்தில்தான் எழும் என்பதால், பையனின் கையை உயர்த்திக் காட்டுவது போன்றவை இதில் முடியாது. வெற்றிட இயந்திரத்தில் பிளாஸ்டிக் தாளை ஒரு மூலப்படத்தின் மேல் இழுத்துப் பதிக்கும் முறை பல உயரங்களைத் தரும். வியர்த்த விரல் அதில் வழுக்காமல் ஒட்டிக்கொள்வதாகப் பலர் சொல்வதுண்டு. படிக்கும் முன் கையில் சிறிது பவுடர் தடவிக்கொண்டால் சரியாகும்.

முப்பரிமாண அச்சு, கோபுரத்துக்கும் சிலைக்கும் ஏற்றது. பத்துமலை முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர், அதன் அடியில் நின்று பீடத்தைத் தொட்டவருக்குச் சிலை இன்னும் கிடைக்கவில்லை. 30 சென்டிமீட்டர் உயரப் பிரதியை அவர் இரு கைகளாலும் சுற்றித் தழுவிவிடலாம். அந்தப் பிரதியின் பாதத்தருகே 1.2 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மனித உருவத்தை நிறுத்துங்கள். அந்த விகிதத்தில் ஒரு சராசரி மனிதர் அவ்வளவுதான். உருவத்தைத் தொட்டபின் கை சிலையின் உச்சிவரை ஏறும்போது, அதன் பிரம்மாண்டம் எந்த எண்ணாலும் சொல்ல முடியாத வகையில் விளங்கும். அச்சில் விழும் படலக் கோடுகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து நீக்குங்கள். இல்லையேல் விரல் அவற்றையும் சிற்பத்தின் வேலைப்பாடு என்று படிக்கும். வழக்கமான அச்சுப் பிளாஸ்டிக் சுமார் 60 பாகையில் இளகத் தொடங்கும் என்பதால், நண்பகல் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள்.

பெயர்ப்பலகையும் குரலும்

பிரெய்லுக்கு அளவு நிலையானது: ஒரே எழுத்துக்குள் புள்ளிகளுக்கு இடையே சுமார் 2.5 மில்லிமீட்டர், புள்ளியின் உயரம் சுமார் அரை மில்லிமீட்டர். நன்றாகத் தெரியட்டும் என்று அதைப் பெரிதாக்கினால், வழக்கமான அளவில் பழகிய விரலுக்குப் படிப்பது கடினமாகிவிடும். தமிழ் பிரெய்ல் உண்டு. இருந்தாலும் மலேசியாவில் படித்த பார்வையற்ற தமிழர்களில் பெரும்பாலோர் மலாய் அல்லது ஆங்கில பிரெய்லில் பழகியவர்கள். கேட்டறிந்து எழுதுங்கள். தமிழ் விளக்கத்தைக் குரலில் பதிவுசெய்து, கைப்பேசியால் படிக்கும் கட்டக் குறியீடாக (கியூஆர்) ஒட்டலாம். அதைச் சுற்றி நூலால் ஒரு மேடான சட்டம் போட்டால்தான் அது இருக்கும் இடம் விரலுக்குத் தெரியும்.

விளக்கத்தில் முதலில் படத்தின் பெயர், ஓவியர், அசலின் அளவு. பிறகு எதிரே இருப்பது என்ன என்ற ஒரு வரி. பின்னர் கையை எங்கே தொடங்குவது, எந்த வழியாகப் போவது. ‘கீழே இடப்பக்கம் ஒரு வட்டம் இருக்கிறது, அது முன் சக்கரம், அதிலிருந்து மேலே ஏறுங்கள்’ என்பது போல. ‘அழகான’, ‘அற்புதமான’ என்ற சொற்களைத் தவிர்த்து, அந்த முடிவை அவரிடமே விடுங்கள். நிறங்களைச் சொல்லத் தயங்க வேண்டாம். பிறவியிலேயே பார்வையற்றவருக்கும் மஞ்சளும் குங்குமமும் வெறும் சொற்கள் அல்ல. மணமும் நிகழ்ச்சியுமாக அவை அவர் வாழ்வில் இருக்கின்றன.

நேரில் உடன் இருக்கும்போது அவருடைய கையைப் பிடித்து இழுத்துப் படத்தின் மேல் வைக்காதீர்கள். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இந்தச் செயலைப் போல் மனத்தை நோகடிப்பது வேறு இல்லை. ‘ஐயா, என் கைமேல் உங்கள் கையை வைத்துக்கொள்ளுங்கள், நான் தொடக்க இடத்துக்குப் போகிறேன்’ என்று சொல்லி, உங்கள் கையை அடியில் கொடுங்கள். வேண்டாதபோது அவர் எடுத்துக்கொள்ளலாம். தொடங்கியபின் பேச்சை நிறுத்திவிடுங்கள். விரல் படித்துக்கொண்டிருக்கும்போது ஓயாமல் பேசுவது, படிப்பவரின் புத்தகத்தைப் பாதியில் மூடுவதற்குச் சமம்.

சோதனை

கண்ணைக் கட்டிக்கொண்டு நீங்களே தொட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. உங்களுக்குப் படம் ஏற்கெனவே தெரியும்; தொட்டுப் படிக்கும் பழக்கமோ தெரியாது. பார்வையற்றவர்தான் சோதிக்க வேண்டும், அதுவும் பென்சில் கட்டத்திலிருந்தே. கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் 1951-இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கமும், பினாங்கில், 1926-இல் தொடங்கும் வரலாறு கொண்ட செயின்ட் நிக்கோலஸ் இல்லமும் இருக்கின்றன. முறையாக எழுதிக் கேட்டு, வருபவரின் நேரத்துக்கும் போக்குவரத்துக்கும் பணம் கொடுங்கள். அவர் செய்வது தொண்டு அல்ல, தொழில்நுட்ப ஆய்வு.

ஓவியத்தின் பெயரைச் சொல்லாமல் தாளைக் கொடுத்து, ‘உங்களுக்கு என்ன கிடைக்கிறது?’ என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்வதைவிட விரல் போகும் வழியைக் கூர்ந்து பாருங்கள். ஓரிடத்தில் விரல் முன்னும் பின்னும் போய் வந்தால் அங்கே இரு கோடுகள் நெருங்கிவிட்டன. ஒரு பகுதியை விரல் தொடாமலே தாண்டினால் அங்கே போக வழி இல்லை. பையனின் கையைச் சிறுமியின் இடுப்புப் பட்டை என்று அவர் படித்தால், கை தொடங்கும் தோளை நீங்கள் தெளிவாகக் காட்டவில்லை. ‘இல்லை, இது அவன் கை’ என்று உடனே திருத்தும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். திருத்த வேண்டியது தாளைத்தான். பிறவியிலேயே பார்வையற்றவர் ஒருவர், பின்னாளில் இழந்தவர் ஒருவர், சிறிதளவு பார்வை உள்ளவர் ஒருவர் என மூவராவது படித்தபின் இறுதிப் பிரதியைச் செய்யுங்கள்.

காட்சிக்கு வைத்தலும் பராமரிப்பும்

சுவரில் மாட்டாதீர்கள், கை தூக்கியே இருந்தால் சீக்கிரம் சோர்ந்துவிடும். சுமார் 75 சென்டிமீட்டர் உயர மேசையில் சிறிது சாய்வாக, நழுவாதபடி பொருத்தி, நாற்காலியும் போடுங்கள். பக்கத்தில் கைதுடைக்கும் ஈரத்தாள் இருக்கட்டும். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றும்படி முன்கூட்டியே சொல்லுங்கள். வாசலிலிருந்து மேசைவரை வழியில் நாற்காலி, கம்பி, பூத்தொட்டி எதுவும் வேண்டாம். ஜார்ஜ்டவுன் சுவர்களில் உள்ள இரும்புக் கம்பிச் சித்திரங்கள் பிறப்பிலேயே தொடுபடங்கள்தான்; ஆனால் பல கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன. எட்டும் இடத்தில் வைப்பதும் கலைஞரின் வேலையில் ஒரு பகுதி.

தொடத் தொட எந்தப் படமும் தேயும். வெல்வெட் மழுங்கும், நூல் பிரியும், வெள்ளை அட்டை கறுக்கும். மூலப்படத்தின் பென்சில் வரைவையும், எந்தப் பொருளை எங்கே ஒட்டினீர்கள் என்ற குறிப்பையும், ஒவ்வொரு பொருளிலும் ஒரு கையளவு மிச்சத்தையும் ஓர் உறையில் போட்டு மேசையடியில் வையுங்கள். மாதம் ஒருமுறை பார்வையற்ற நண்பர் ஒருவரிடம் படத்தைக் கொடுத்து, எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தை மட்டும் புதுப்பித்துவிடுங்கள்.